நூல் சுற்றும் பக்கம்

லானோ ஆற்றங்கரை, டெக்சஸ்
மார்ச் 18, 1986

அன்புள்ள ராய்ஸ்,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். குட்டிப் பயல் கால்வின் இப்போதுதான் தூங்கினான். எழுத்து கோணினால் தூக்கம் என்று எடுத்துக்கொள். இங்கே மூவரும் சுகம். நாய் பிஸ்கட்டையும் சேர்த்தால் நால்வர். உன் இருமல் போயிற்றா? அந்த மிதக்கும் விடுதியில் ஈரச் சட்டையோடு தூங்காதே.

வெள்ளை பாஸ் மீன்கள் ஆற்றில் மேலேறி வருகின்றன. ஆற்றைக் கடக்கும் துறையில் நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். பக்கத்து வீட்டு வெல்டா காலையிலேயே வந்து, "ஏண்டி டைனா, ஊருக்கே இங்க மீன் வருது, உம் புருஷன் மீன் தேடி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போயிருக்கானே" என்று சிரித்தாள். "அங்க மீனைக் காட்டிக்குடுக்குறதுதான் அவருக்கு வேலை வெல்டா. இங்க யாரு வழிகாட்டி வச்சு மீன் பிடிக்கிறாங்க?" என்றேன். அவள் விடவில்லை. "வழி காட்டுறவனுக்கு வீட்டுக்கு வர்ற வழி தெரிஞ்சா சரி."

உன் மகள் ஓபல் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள்: கடல் உப்பாக இருந்தால் மீனுக்குத் தாகம் எடுக்காதா? கல்லூரியில் உயிரியல் படித்ததற்கு ஒரு பலன் வந்தது என்று நான் விளக்கமாகச் சொன்னேன்: கடல் மீன் தண்ணீர் குடிக்கும், உப்பைச் செவுளால் வெளியே தள்ளும். அவள் யோசித்துவிட்டு, "அப்ப ஒண்ணுக்கும் கடல்லயே போயிருமா?" என்றாள். நீயே பதில் எழுது.

எனக்கும் கேள்விகள் உண்டு. சிவப்பு மீன் ஆழமில்லாத தண்ணீரில் வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமாமே, ஏன்? திருக்கை மிதிபடாமல் காலை இழுத்து இழுத்து நடக்கிறாயா? தினமும் வானொலியில் கடல் வானிலை கேட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். கேட்ட பிறகு தூக்கம் வருவதில்லை, அது வேறு விஷயம்.

சொன்னபடி கடிதத்துக்கு ஒரு தூண்டில் ஈ கட்டி அனுப்பு. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய அந்தப் பொய்ப்பூச்சியைக் குத்திக்கொள்ள ஓபல் வைக்கோல் தொப்பியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறாள்.

உன்,
டைனா

---

ஷாண்டலர் தீவுகள்
ஏப்ரல் 2, 1986

அன்புள்ள டைனா,

நான் கல்லு மாதிரி இருக்கிறேன், இருமல் போய்விட்டது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று படித்ததும் இன்னொரு கிண்ணம் இறால் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சமையல்காரி ஒடீல், "கடுதாசிக்கு ஒரு கிண்ணம்னா உங்க வீட்டுல தினம் எழுதச் சொல்லாதப்பா, பானை தாங்காது" என்கிறாள்.

கேள்விகளுக்கு வரிசையாக. வாலை நீட்டுவது ஏனென்றால், தலையைக் கீழே குத்தி மணலில் நண்டு தோண்டுகிறது. தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை, வாலை வேறு எங்கே வைக்கும்? காலை இழுத்துத்தான் நடக்கிறேன், கிழவன் மாதிரி. ஓபலிடம் சொல்: ஆமாம், கடலிலேயே போய்விடும், அதனால்தான் நான் வாயைத் திறந்து நீந்துவதில்லை.

போன வாரம் ஹூஸ்டன் பல் மருத்துவர் ஒருவர் வந்தார். தூண்டில் கயிற்றைப் பின்னால் வீசி முன்னால் கொண்டுவருவதற்குள் அவசரம். கொக்கி அவர் தொப்பியிலேயே மாட்டி, தொப்பி கடலில் போய் விழுந்தது. "இன்னைக்குப் பெரிய மீனே இதான் டாக்டர்" என்றேன். நல்ல மனிதர், சிரித்தார்.

இதோடு ஓபலுக்கு இறால் உருவத்தில் ஒரு ஈ. பாரு, கொக்கியின் கண்ணுக்குப் பின்னால், கயிறு கோக்கும் துளையை அடைக்காமல், எவ்வளவு சுத்தமாக இடம் விட்டிருக்கிறேன். வாலில் வழக்கம்போல் பிஸ்கட்டின் முடி இரண்டு இழை. அது இல்லாமல் நான் கட்டிய ஈ எதுவும் மீன் பிடித்ததில்லை. நமக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே தெரிந்தால் இங்குள்ள வழிகாட்டிகள் வந்து நாயை மொட்டையடித்துவிடுவார்கள்.

வருஷக் கடைசியில் பெக்கான் மரம் கொட்டை உதிர்க்கும்போது வீட்டில் இருப்பேன். கொட்டையை மிதித்து நசுக்குவது என் வேலை, நினைவிருக்கட்டும்.

ராய்ஸ்

---

லானோ ஆற்றங்கரை
மே 10, 1986

அன்புள்ள ராய்ஸ்,

உன் உடம்பு கல்லாகவே இருக்கட்டும். கால்வினுக்கு முதல் பல் முளைக்கிறது, அதனால் காய்ச்சல் மாதிரி ஒரு கதகதப்பு; டாக்டர் ஒன்றுமில்லை என்றார், நானும் அவரை இரண்டு தடவை கேட்டுவிட்டேன். ஓபல் உன் இறாலைத் தொப்பியில் குத்திக்கொண்டே தூங்கினாள். தூங்கியதும் எடுத்துவிட்டேன், பயப்படாதே.

பெர்ச் மீன்கள் கூடு போட்டுவிட்டன. கரையோரம் மணலில் தட்டுத் தட்டாகப் பள்ளம். காற்று நம் பக்கம் திரும்பினால் நறுக்கிய தர்பூசணி வாசனை வருகிறது. நீ சொன்னபோது நம்பாமல் சிரித்தேன் அல்லவா, இப்போது நானே மூக்கை நீட்டிக்கொண்டு கரையில் நடக்கிறேன். அது மீனின் வாசனையா, முட்டையின் வாசனையா, கிளறிய மணலின் வாசனையா? கல்லூரிப் புத்தகத்தைப் புரட்டினேன். அதை எழுதியவர்கள் யாரும் ஆற்றை மோந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஓபல் இடுப்பில் கயிறு கட்டிப் பெக்கான் மரத்தில் முடிந்துவிட்டுத்தான் நான் குனிந்து பார்க்கிறேன். வெல்டா அதைப் பார்த்து, "ஆட்டுக்குட்டி என்ன வெலை?" என்றாள்.

இன்னொன்று. கொட்டகையிலிருந்த உன் பழைய இடுக்கியை மேசையில் மாட்டி, கொக்கியைக் கவ்வ வைத்து, நானே ஒரு ஈ கட்டினேன். கண்ணுக்குப் பின்னால் இடம் விடு, இடம் விடு என்று நீ சொல்வது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, ஆனாலும் நூல் போய்க் கண்ணை அடைத்துவிட்டது. புதிதாகக் கட்டும் எல்லாரும் இப்படித்தானா? ஓபல் பார்த்துவிட்டு, "பிஸ்கட் வாந்தி எடுத்துச்சாம்மா?" என்றாள்.

உங்கள் பக்கம் கடல் சூடாகிவிட்டதா? மீன் குணம் மாறுமா?

டைனா

---

லானோ ஆற்றங்கரை
ஜூன் 6, 1986

அன்புள்ள ராய்ஸ்,

நாங்கள் சுகம். நீ?

தபால்காரர் வண்டியை நிறுத்தாமலே கையை ஆட்டிவிட்டுப் போகிறார். வானொலியில் புயல் எதுவும் சொல்லவில்லை, அதனால் உனக்கு வேலை அதிகம் என்று வைத்துக்கொள்கிறேன். ஓபலுக்கு ஈகூட வேண்டாமாம். ஒரு வரி எழுதினால் போதும்.

டைனா

---

ஷாண்டலர் தீவுகள்
ஜூன் 20, 1986

அன்புள்ள டைனா,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதமானது, வருந்தாதே.

இந்த ஈரத்தில் காகிதத்தில் மை நிற்பதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல ஒடீல் தட்டச்சு செய்கிறாள். மீன் நன்றாகக் கிடைக்கிறது. ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். வானிலை பரவாயில்லை.

ஓபலுக்கு ஒரு ஈ வைத்திருக்கிறேன். பிள்ளைகளை முத்தமிட்டதாகச் சொல்.

ராய்ஸ்

---

லானோ ஆற்றங்கரை
ஜூலை 3, 1986

அன்புள்ள ராய்ஸ்,

உன் கடிதம் வந்தது. நலம் என்று எழுதியிருக்கிறாய், நல்லது. நாங்களும் அப்படியே. கால்வின் மேசைக் காலைப் பிடித்து நிற்கிறான், அவன் நிற்கும்போதெல்லாம் நான் உட்காருவதில்லை.

மே மாதக் கடிதத்தில் நான்கு கேள்வி கேட்டிருந்தேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நீ கேள்வியைத் தாண்டிப் போகிறவன் இல்லை. சரி, அதை விடு. அந்த ஈயைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓபல் தொப்பியில் குத்தும்போதே அது பிரிந்துவிட்டது. இறகு ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். மறுபடி இறுக்கலாம் என்று நூல் நுனியைப் பிடித்தேன். உன் ஈக்களில் நூல் எந்தப் பக்கம் போகும் என்று என் விரலுக்குத் தெரியும்: கொக்கியின் கண்ணை என் பக்கம் திருப்பிப் பிடித்தால் கடிகார முள் சுற்றுகிற பக்கம். இதில் எதிர்ப்பக்கம். ஏப்ரலில் வந்த இறாலைப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி இரண்டும் நேர் எதிர். கண்ணும் அடைந்து கிடக்கிறது, நான் கட்டிய நாய் வாந்தியைப் போலவே.

வெல்டாவிடம் காட்டியது என் தப்பு. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இடக்கைக்காரி கட்டுனது. எங்க வீட்டுக்காரரோட தம்பி இடக்கை, அவன் கட்டுனா இப்படித்தான் இருக்கும். கடுதாசியும் ஒருத்தி அடிக்கிறா, ஈயும் ஒருத்தி கட்டுறா. ஆம்பள கடலுக்குப் போனா மீன் மட்டுமா கடிக்கும்?" என்றாள். அவளைப் போகச் சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன்.

நேராகவே கேட்கிறேன். ஒடீல் இடக்கைக்காரியா? ஓபலுக்கு நீ வாக்குக் கொடுத்த ஈயை அவள் ஏன் கட்டுகிறாள்?

டைனா

---

ஷாண்டலர் தீவுகள்
ஜூலை 25, 1986

அன்புள்ள டைனா,

அனைவரும் நலமா. நான் நலம்.

வெல்டா பேச்சைக் கேட்காதே. ஈயை நான்தான் கட்டினேன், அவசரத்தில் கட்டியது. இத்துடன் வேறொன்று வைத்திருக்கிறேன், இது பிரியாது.

ஒரு விஷயம். குளிர்காலத்தில் வாத்து வேட்டைக்கு வருகிறவர்களுக்கும் ஆள் வேண்டும் என்கிறார்கள். அதனால் பெக்கான் சமயத்துக்கு வர இயலாது. வசந்தத்தில் பார்க்கலாம். ஓபலிடம் பக்குவமாகச் சொல்.

ராய்ஸ்

அம்மா, நான் ஒடீல். இது அவர் சொல்லி நான் அடிப்பதல்ல, அவர் வெளியே போய் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி, வலக்கைக்காரி. எனக்கு ஈ கட்டத் தெரியாது, மீன் வறுக்கத் தெரியும். நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அதையே இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி.

---

லானோ ஆற்றங்கரை
ஆகஸ்ட் 9, 1986

அன்புள்ள ராய்ஸ்,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்தக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன்.

முதலில், ஒடீலிடம் என் மன்னிப்பைச் சொல். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

புது ஈ பிரியவில்லை. முன்னதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. நூல் இப்போதும் எதிர்ப்பக்கம்தான். ஆனால் வாலைப் பிரித்துப் பார்த்தேன். இறகுக்கு நடுவே மஞ்சளாக இரண்டு இழை. பிஸ்கட்டைக் கூப்பிட்டு அதன் வாலோடு வைத்துப் பார்த்தேன். மோந்துவிட்டு அது வாலை ஆட்டியது. இந்த இரண்டு இழை விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் கட்டவில்லை.

அப்படியென்றால் நீதான் கட்டியிருக்கிறாய். ஆனால் பத்து வயதிலிருந்து ஒரே பக்கம் சுற்றிய கை திடீரென்று எதற்குத் திரும்பும்?

பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தேன். வழக்கமான பக்கம் உட்கார்ந்து வலக்கையால் எதிர்ப்பக்கம் சுற்றிப் பார்த்தேன். சுற்றலாம், ஆனால் யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கை தடுக்குகிறது. பிறகு இடுக்கியைத் திருப்பி மாட்டி, இடக்கையில் நூலைப் பிடித்தேன். நூல் தானாகவே எதிர்ப்பக்கம் போயிற்று. ஒரு சுற்று இறுகுகிறது, அடுத்தது நழுவுகிறது. கண் அடைந்துபோயிற்று. முடித்ததை உன் ஜூன் மாத ஈயோடு வைத்துப் பார்த்தேன். அண்ணன் தங்கை மாதிரி இருந்தன.

அப்புறம் தட்டச்சுக் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. ஈரத்தில் மை நிற்காது என்றாய். ஏப்ரலில் நின்றதே.

ஒடீல் சொன்னபடி கிட்டே வந்துவிட்டேன். வாத்தும் வேண்டாம், வசந்தமும் வேண்டாம். ராய்ஸ், உன் வலது கைக்கு என்ன ஆயிற்று?

டைனா

---

பிலாக்சி
ஆகஸ்ட் 28, 1986

டைனா,

இது என் எழுத்து. இடக்கை. மெதுவாகத்தான் வரும், அதனால் சுருக்கம். நீ சுகமா. பிள்ளைகள் சுகமா.

மே கடைசி. சிவப்பு மீன் ஒன்றைத் தண்ணீரில் விடும்போது முதுகு முள் உள்ளங்கையில் ஏறியது. எத்தனையோ தடவை ஏறியிருக்கிறது. கடல் தண்ணீரிலேயே கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் செய்வதுதான். சூடான தண்ணீரில் ஏதோ கிருமி இருக்கிறதாம். மாலைக்குள் கை கறுத்து வீங்கியது, ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். நடுவில் மூன்று இல்லை.

ஜூனிலிருந்தே விடுதியில் இல்லை. கரையில் ஒடீல் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். ஈ கட்டுவது கைக்குப் பயிற்சி என்று தொடங்கினேன். ஓபலுக்கு வாக்கு வேறு கொடுத்திருந்தேன்.

வாத்து வேட்டை பொய். கைக்குழந்தையோடு இருக்கிறாய், வானிலை கேட்டாலே தூங்காதவள், அதனால் சொல்லவில்லை. பிறகு நாள் போகப் போகச் சொல்ல வரவில்லை. காயம் ஆறிவிட்டது. ஆனால் தூண்டில் கோலைப் பிடித்து வீச முடியவில்லை. வீச முடியாத ஒருத்தன் அந்த ஆற்றங்கரைக்கு வந்து என்ன செய்வான்? நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

ராய்ஸ்

---

லானோ ஆற்றங்கரை
செப்டம்பர் 4, 1986

அன்புள்ள ராய்ஸ்,

இன்று பகலிலேயே எழுதுகிறேன். கால்வின் காலடியில் மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறான். எல்லாரும் சுகம். உன் கை வெயிலில் எரிகிறதா, இரவில் இல்லாத விரல் வலிக்கிறதா, அப்படி வலிக்கும் என்று படித்தேன். ஒடீலுக்கு என் வணக்கம்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அதைப் பற்றி அவ்வளவுதான். பிறகு கோபம் வந்தது, அது இன்னும் இருக்கிறது, நேரில் தருகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள். நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் தெரிந்ததைக் கண்டு நான் பயந்ததில்லை, தெரியாததைக் கண்டுதான். மூன்று மாதமாக எனக்குத் தெரியாததைத் தந்தது நீ.

ஓபலிடம் சொன்னேன். பக்குவமாகச் சொல்ல நினைத்து, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் தன் மூன்று விரலை மடக்கிக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஆட்டிப் பார்த்தாள். "நண்டு மாதிரி இருக்குமாம்மா? அப்பா அதுல என் மூக்கைப் பிடிப்பாரா?" என்றாள். அவளுக்குப் பயமில்லை. பார்க்க வேண்டும் என்ற அவசரம்தான். அன்றிலிருந்து ஸ்பூனை அப்படித்தான் பிடிக்கிறாள், சூப் முழுக்க மேசையில்.

நீ கேட்ட கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. தெரியாவிட்டால் செய்து பார்ப்பதுதானே வழி. உன் பழைய கோலை இடக்கையில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். முதல் வீச்சு பெக்கான் மரத்தில். இரண்டாவது பிஸ்கட்டின் கழுத்துப் பட்டையில். மூன்றாவது, வேடிக்கை பார்க்க வந்த வெல்டாவின் தொப்பியில். "ஏய், நான் சொன்னதுக்குப் பழி வாங்குறியா?" என்றாள். கொக்கியைக் கழற்றிக் கொடுத்தவள் என்னிடம் திரும்பி, "அவன் கைல எத்தனை விரல் இருந்தா என்னடி, வரச் சொல்லு" என்றாள். அப்புறம் கரையிலேயே உட்கார்ந்து, "தோளைத் தூக்காத, முழங்கையை மடக்கு" என்று சாயங்காலம் வரை கத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் போனேன். இந்த முறை கொக்கியில் கட்டியிருந்தது உன் ஜூன் மாத ஈ, ஓபல் தொப்பியில் பிரிந்துபோனது. நூலை நீ சுற்றிய பக்கமே மறுபடி சுற்றி, அடைந்த கண்ணை ஊசியால் குத்தித் திறந்திருந்தேன். வீச்சு கோணலாகத்தான் விழுந்தது, பாறைக்கு இந்தப் பக்கம் விழ வேண்டியது அந்தப் பக்கம். நான் இதுவரை தூண்டில் போடாத இடம். உள்ளங்கை அகலம் ஒரு பெர்ச், வயிறு ஆரஞ்சு, வந்து வாயில் போட்டுக்கொண்டது. நூல் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று அது திருப்பிப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்துப் பிடித்துத் தண்ணீரில் விட்டேன். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு நான்கு தடவை கழுவினேன்.

இடக்கையால் வீசினால் எட்டுகிற இடங்கள் ஆற்றில் நிறைய இருக்கின்றன போலிருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

பெக்கான் இன்னும் பச்சையாகத் தொங்குகிறது. கொட்டையை மிதிக்கக் கால்தான் வேண்டும். எந்தப் பஸ், எந்த நாள் என்று மட்டும் எழுது. எழுத்து எப்படி இருந்தாலும் படித்துக்கொள்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

டைனா